அடிப்பக்கக் கதவு

நான் தாளில் கீறிய போர்விமானத்துக்கு மூக்கில் புரொப்பெல்லர் இல்லை. வாலில் இரண்டு இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஒன்று இடமாகவும் மற்றது வலமாகவும் சுற்றும். பெரிய இறக்கை பின்பக்கம், சின்ன இறக்கை முன்பக்கம். முதல் தடவை படத்தைப் பார்த்தபோது என் மனைவி தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது றிவேஸிலை போற பிளேனோ?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு விமானம் உலகத்தில் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அதைக் கீறினேன். ஃபாரஸ்ட் கேட்டில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையிலும், தேத்தண்ணி நேரத்தில், மரக்கறி வரும் பெட்டிகளின் மட்டையில் கீறினேன். முதலாளிக்கு அது பிடிக்காது என்று நினைத்துப் பல நாள் ஒளித்து வைத்தேன். அவருக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

"தம்பி, நேற்று ஒரு அம்மா மாம்பழப் பெட்டி வாங்கிக்கொண்டு போனவ. வீட்டை போய் ஃபோன் அடிக்கிறா, பெட்டிக்குள்ள என்ன பொம் எல்லாம் கீறி வைச்சிருக்கிறியள் எண்டு."

"அது பொம் இல்லை அண்ணை. எஞ்சின்."

"எஞ்சினோ? அப்ப பயப்பிடாமச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிவிடுறன்."

பயம் என்பது எனக்குப் புதிதில்லை. அடுப்பை நிறுத்தினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவேன். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்து, படலை தாண்டியபின் திரும்பவும் வந்து இழுத்துப் பார்ப்பேன். மனைவி வேலைக்குப் போகும் முதியோர் இல்லம் வீட்டிலிருந்து நாலு நிறுத்தம்தான். அவள் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் வரும்வரை எனக்கு வேலை ஓடாது. ஒரு நாள் மெசேஜ் வரத் தாமதமாகி, கடையின் நடுவில் ஒரு மூட்டை வெங்காயத்தை அணைத்தபடி நான் அப்படியே நின்றுவிட்டேன். அதன்பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

டொக்டர் மாத்திரை தந்தார். மாத்திரை வேலை செய்தது. பயம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆனது; பாடுவது தெரியும், என்ன பாட்டென்று தெரியாது. ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் பயம் மட்டும் போகவில்லை. மற்ற எல்லாமும் போய்விட்டன. சோறு சோறாக இருந்தது. மழை பெய்தால் நனைந்தேன். மனைவியின் மெசேஜ் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அவளுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "முந்தி நூறு தரம் ஃபோன் எடுத்துக் கரைச்சல் தருவியள். இப்ப நான் செத்தாலும் திங்கட்கிழமைதான் தேடுவியள் போல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்து சிரித்தேன்.

டொக்டரின் இடத்தில் ஆட்களைக் குழுக்களில் சேர்த்துவிடுவதற்கென்றே ஒரு பெண் இருந்தார். ஒரு பட்டியல் தந்தார். தோட்ட வேலை, பின்னல், கூட்டாகப் பாடுதல். கடைசியில் ஒன்று: இல்லாத விமானங்களை வரைபவர்கள், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், காலை பதினொரு மணிக்கு, வாசிகசாலை மேல்மாடி. அதில் கதைக்கத் தேவையிருக்காது என்று நினைத்து விரலை வைத்தேன்.

அங்கே ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒருவர் எஞ்சின் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில். அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர் மாதிரி. இன்னொருவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. கடலில் இறங்கும் விமானங்கள் மட்டுமே கீறுவார். அங்கே ஒரே ஒரு விதி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கீழ்மாடிச் சுவரில் எல்லோருடைய படங்களையும் வைப்பார்கள். ஆனால் சுவருக்குப் போகுமுன் ஒவ்வொரு படமும் கிழவரின் கேள்விகளைத் தாண்டவேண்டும். விமானம் பறக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் பறக்கும் என்று கீறியவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சரியென்றால் மூலையில் பென்சிலால் ஒரு அடையாளம் போடுவார். இல்லையென்றால் தாளை உருட்டி, மரியாதையாகக் கையில் திருப்பித் தந்துவிடுவார்.

அந்தப் பென்சில் அடையாளம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பெரிய ஆசை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் எதிலும் பெரிது சின்னது இருக்கவில்லை. ஆனால் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு யாரும் என் தாளை வாங்கித் திருத்தியதில்லை. லைசென்ஸ் இருக்கிறது, பாஸ்போட் இருக்கிறது; அவை எல்லோரிடமும் இருப்பவை. நான் செய்த ஒன்றைப் பார்த்து, தெரிந்த ஒருவர் சரி என்று சொல்லவேண்டும். இதை மனைவிக்குச் சொன்னபோது அவள் மேசையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அதிலிருந்து சாப்பாட்டு மேசையின் பாதி என்னுடையதாயிற்று.

எஞ்சின் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டபின் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் நின்றேன். அப்போது சண்டையால் ஊருக்குள் பெற்றோல் வருவதில்லை. மோட்டார்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் வராது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, ஆஸ்பத்திரி சேலைன் குழாயால் காபரேட்டருக்குள் நாலு சொட்டு இறக்கி உதைப்போம். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். என் போர்விமானத்துக்கும் அதையேதான் வைத்தேன். பைலட்டின் முதுகுக்குப் பின்னால் இரண்டு எஞ்சின் நீட்டாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன், ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவில் வெடிக்கும், இரண்டும் இரண்டு பக்கம் ஓடும். சிலிண்டருக்குத் தலை இல்லை. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். அதற்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவில் பெற்றோல்.

கிழவர் அந்தக் கோப்பையில் பென்சிலை வைத்து, அது என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சேலைன் குழாய் வரை சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முப்பத்தெட்டு வருடம் எஞ்சின் பார்த்திருக்கிறேன், இந்தப் போத்தலை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். பஸ் ஓட்டிய பெண்மணி, "அப்படியென்றால் சுவரில் போடுங்களேன், தேநீர் ஆறுகிறது" என்றார்.

கிழவர் அவசரப்படவில்லை. பக்கவாட்டுப் படம், முன்பக்கப் படம், பிறகு மேலிருந்து பார்க்கும் படம். மூன்றாவதில் அவருடைய பென்சில் நின்றது.

"இது கீழிருந்து பார்த்தது" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சக்கரங்களின் மூடிகள், எண்ணெய்க் கூலருக்குக் காற்றுப் போகும் வாய், ஆணி வரிசைகள், எல்லாம் ஒன்றும் விடாமல் இருந்தன. விமானத்தின் வயிற்றுப் பக்கம். 'மேலிருந்து' என்று மேலே எழுதிவிட்டு வயிற்றைத்தான் கீறியிருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் சின்ன வயதிலிருந்து விமான மாதிரிகளை மேசையில் வைத்து மேலிருந்து பார்த்தவர்கள். நான் அந்த வயதில் விமானம் பார்த்ததெல்லாம் பங்கர்க் குழி வாசலில் நின்று, அண்ணாந்துதான். குண்டு போட வருவதைப் பொம்மர் என்போம். எது எப்போது திரும்பும், எந்தச் சத்தத்துக்கு உள்ளே குதிக்கவேண்டும், அடியிலிருந்து ஏதாவது கழன்றால் அது எங்கே வந்து விழும் என்பதெல்லாம் தெரியும். அதற்கு முதுகு இருக்கும் என்று தெரியாமலில்லை. யோசிக்கவில்லை.

அதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. பிழைவிட்டுவிட்டேன் என்றேன்.

"பிழையில்லை, அழகாக இருக்கிறது" என்றார் கிழவர். "மேற்பக்கத்தை அடுத்த முறை கீறிக்கொண்டு வாருங்கள். ஆனால் இன்னொரு கேள்வி. அடிபட்டால் இந்த ஆள் எப்படி வெளியே வருவார்?"

"எந்த ஆள்?" என்று கேட்டேன்.

"ஓட்டுகிற ஆள்."

பக்கவாட்டுப் படத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வட்டம் போட்டிருந்தேன், தலை என்பதற்காக. அவ்வளவுதான். அவர் பென்சிலால் காற்றில் காட்டினார். கண்ணாடியைத் திறந்து மேலே பாய்ந்தால் காற்று ஆளைப் பின்னுக்கு எறியும். பின்னுக்கு இரண்டு விசிறி சுற்றுகிறது. முன்னால் புரொப்பெல்லர் வைத்த விமானத்தில் இந்தக் கேள்வி வராது. வாலில் வைத்தால் இதுதான் முதல் கேள்வி. "அவரைக் காப்பாற்ற ஒரு வழி இல்லாமல் என்னால் அடையாளம் போட முடியாது" என்றார். அடுத்த சனிக்கிழமை கூட்டம் இல்லை, அதற்கடுத்த சனிக்கிழமைதான் கடைசி நாள். தாளை உருட்டி என் கையில் தந்தார்.

பஸ்ஸில் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நான் எதற்கெல்லாம் பயந்தவன். எரிவாயுவுக்கு, பூட்டுக்கு, நாலு நிறுத்தத்துக்கு. மாதக்கணக்காக அந்த விமானத்தைக் கீறியிருக்கிறேன். எண்ணெய்ச் சூட்டுக்குக்கூட யோசித்திருக்கிறேன். உள்ளே ஒரு ஆள் இருப்பான், அவனுக்கு ஏதும் நடக்கலாம் என்று ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையால் என்று முதலில் நினைத்தேன். பிறகு, மாத்திரைக்கு முன்னும் வந்திருக்காது என்று தோன்றியது. அதை நினைத்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்கினேன்.

மேற்பக்கம் ஒரே நாளில் முடிந்தது. அதில் கீறுவதற்கு அதிகம் இருக்கவில்லை. வெளியேறும் வழிதான் நகரவில்லை. விசிறியை வெடிவைத்துக் கழற்றிவிடலாம் என்று கீறினேன்; வெடி பழுதானால் என்ன என்று அழித்தேன். ஒரே வழி கீழே விழுவதுதான். நிலத்தட்டில் ஒரு கதவு. அது திறந்தால் ஆள் விழுவான். வாலின் அடியில் ஏற்கெனவே நான் வைத்திருந்த செட்டை, மீன் செட்டை மாதிரி ஒரு தகடு, விசிறிக்கும் அவனுக்கும் நடுவில் நிற்கும். கணக்குச் சரி. ஆனால் வயிற்றுப் படத்தில் அந்தக் கதவின் நாலு கோட்டைப் போட்டபின், அது திறந்திருப்பதைக் கீறவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. நடுங்கவில்லை. வியர்க்கவில்லை. எழுதாத பேனை மாதிரி, அவ்வளவுதான். விமானத்தின் அடி திறந்து ஒன்று வெளியே விழுகிறது. அதைக் கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அது ஆள் என்று எப்படித் தெரியும்?

ஒரு கிழமை தாள் அப்படியே கிடந்தது. அதன்மேல் ஊறுகாய்ப் போத்தல் திரும்பி வந்தது. போத்தல் வந்து இரண்டாம் நாள்தான் மனைவி அதைக் கவனித்தாள். பின்னேரம் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"ஏன், பிளேன் லீவோ?"

"விட்டிட்டன்."

"ஏன்?"

"ஆளை வெளியிலை எடுக்க ஏலாது."

அவள் போத்தலைத் தூக்கிவிட்டுத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு விமானம் தெரியாது. ஆனால் இருந்த இடத்திலிருந்து எழும்ப முடியாத ஆட்களைத் தூக்குவதுதான் அவளுடைய தொழில். பட்டியும் கொளுக்கியும் உள்ள தூக்கி ஒன்றால், கதிரையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து கதிரைக்கு, ஒரு நாளில் எத்தனையோ தரம்.

"இதென்ன, காலுக்கு முன்னால?"

"பெடல். காலாலை வாலைத் திருப்ப."

"அப்ப ஆள் இருக்கேக்க கால் இதுக்குள்ளயோ?"

"ஓம்."

"இந்தக் கதவு திறந்து ஆள் விழுந்தா கால் என்ன செய்யும்? கால் இஞ்ச கொளுவி நிக்கும், ஆள் தலைகீழாத் தொங்கும். காலைத்தான் முதல்ல எடுக்க வேணும். எங்கடை இடத்திலை முதல் நாள் சொல்லித் தாறது அதுதான். காலைப் பார்க்காமத் தூக்கினா முழங்கால் போயிடும், பிறகு எங்கடை வேலையும் போயிடும்."

"எப்பிடி எடுக்கிறது? நேரமில்லை. ரெண்டு செக்கன்."

"கதிரையைப் பின்னுக்குத் தள்ளுங்கோவன். கால் தானாக் கழண்டு வரும். அதுக்குப் பிறகு கதவைத் திறவுங்கோ." அவள் கோட்டைக் கழற்றிக் கொளுவினாள். "சண்டைபிடிக்கிற பிளேன் கீறத் தெரியுது. ஒரு மனிசனைக் கதிரையாலை எழுப்பத் தெரியேல்லை."

நான் ஒரு கதிரையை மேசையிலிருந்து இழுத்து நடுவில் போட்டேன். "இஞ்ச வாரும். இதிலை இரும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டு."

"இருந்திட்டுக் குடியும்."

அவள் இருந்தாள். சொக்ஸைக் கழற்றச் சொன்னேன். பாதத்தின் வளைவு தெரியவேண்டும். நாள் முழுக்க நின்ற கால். கணுக்காலில் சொக்ஸின் வரி பதிந்திருந்தது. குளிர்பெட்டியின் அடியை ஒரு பெடல் என்று வைத்து இரண்டு காலையும் அதில் ஊன்றச் சொன்னேன். கதிரையின் பின்காலைப் பிடித்து இரண்டு சாண் பின்னுக்கு இழுத்தேன். அவள் சொன்னது சரி. கால் தானாகக் கழன்று, முழங்கால் மடிந்து, பாதம் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கின. அவள் பயத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விழுத்திப்போடாதையுங்கோ" என்றாள். அப்படியே இரும் என்று சொல்லிவிட்டுக் கீறினேன். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு வளைந்த முதுகு. திறந்த கதவும் அதற்குக் கீழே வந்தது. அதைக் கீறும்போது நான் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை கிழவர் தாளை விரித்து நாலு மூலையிலும் நாலு கோப்பையை வைத்தார். கதிரை பின்னுக்குப் போகும் தண்டவாளம், கால் கழலும் கோணம், பிறகு கதவு, பிறகு செட்டை. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். காலை முதலில் எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டியபடி பூதக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இது என்ன?" என்றார்.

விழுகிற ஆளின் பாதம். வெறும் காலாக இருந்தது. சப்பாத்துப் போட நான் மறந்துவிட்டேன். அதைவிட, இரண்டாவது விரலில் ஒரு வளையம். கல்யாணத்தன்று நான் போட்டுவிட்ட மெட்டி. வேலைக்குப் போகும்போது அவள் கை மோதிரத்தையெல்லாம் கழற்றிவிடுவாள். சொக்ஸுக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மெட்டியை மட்டும் கழற்றமாட்டாள். கண் பார்த்ததைக் கை கீறியிருக்கிறது.

பஸ் ஓட்டிய பெண்மணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வெறும் காலோடா? அந்த உயரத்தில் விறைத்துப்போகுமே, பாவம்."

"காலில் மோதிரம் போட்ட போர்விமானி" என்றார் கிழவர். "யார் இது?"

இல்லாத விமானத்தில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "என் மனைவி" என்றேன்.

கிழவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மூன்று பென்சிலில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கோடும் அதன்மேல் இன்னொரு கோடுமாகப் போட்டார். தன் முதலெழுத்தோ என்னவோ. "அப்படியென்றால் அவர் வெளியே வந்துவிடுவார்" என்றார்.

அவ்வளவுதான். யாரோ கை தட்டினார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவை என் தாள் திருத்தப்பட்டுச் சரியாகி வந்திருக்கிறது. சந்தோசம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். பிஸ்கட் தந்தார்கள், சாப்பிட்டேன். தாளை அவர்களிடமே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டாவது நிறுத்தம் தாண்டும்போது அது வந்தது. கதவின் அகலம். நான் அதைத் தாளின் ஒழுங்குக்காக, செட்டையின் அகலத்துக்குச் சமமாகப் போட்டிருந்தேன். கால் போகும், இடுப்பு போகும். தோள்? பரசூட் பட்டியும் போட்டிருந்தால்? கிழவர் அதைக் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. பஸ் மெதுவாகப் போனது. என் உள்ளங்கை ஈரமாக இருப்பதைக் கம்பியைப் பிடித்தபோதுதான் கண்டேன். அவளுக்கு ஃபோன் எடுத்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். மூன்றாம் தரம், "என்னப்பா, குளிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றாள்.

"ஒண்டுமில்லை. வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மேசை லாச்சியில் அளவு நாடாவைத் தேடினேன். அவள் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள்.

"என்ன, பாஸ் பண்ணேல்லையோ?"

"பண்ணியாச்சு."

"பிறகேன் முகம் இப்பிடி?"

"திரும்பி நில்லும். தோளை அளக்க வேணும்."

"அதுதான் பாஸ் பண்ணியாச்செண்டு சொன்னியள்."

"ஓம். எண்டாலும் திரும்பும்."

அவள் துவாயை அவிழ்த்துக் கதவில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். "மூச்சை விட்டிட்டோ, பிடிச்சுக்கொண்டோ?" என்று கேட்டாள்.